ஆறு மூடிகள்

டணார் என்று கொல்லைப்புறத்தில் ஒரு சத்தம். அது அடங்குமுன் இன்னொன்று. அப்புறம் வரிசையாக நாலு. எவர்சில்வர் சிமென்டுத் தரையில் விழுந்து, உருண்டு, சுழன்று, கடைசியில் கிணுகிணுவென்று ஓய்கிற சத்தம்.

கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த தேன்காரம்மா தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். மூன்று நாளாகச் சளி. மூக்கின் இரண்டு துவாரங்களையும் சிமென்டு பூசி அடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கையில் கைக்குட்டையோடு ஓடினாள்.

குழாயடியில் அவளுடைய நாத்தனார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். எதிரே ஆறு எவர்சில்வர் மூடிகள் வெயிலில் கண் கூசக் கிடந்தன.

"என்ன இது?"

"மூடி, அண்ணி. தண்ணி வடியட்டும்னு சுவத்துல சாய்ச்சு வெச்சேன், சரிஞ்சிடுச்சு. பயந்துட்டீங்களா?"

"மூடின்னு தெரியுது. அதை எதுக்குக் கழுவினே?"

"ஒரே பிசுக்கு அண்ணி. மெழுகுப் பென்சிலால அண்ணன் வேற என்னமோ கிறுக்கி வெச்சிருந்தாரு. இன்னிக்கு அந்தக் கரண்டியம்மா வர்றாங்கல்ல? பார்த்தா என்ன நினைப்பாங்க? சுடுதண்ணியில சோடா உப்பு போட்டுத் தேய்ச்சேன். ஒரு எழுத்துகூட மிச்சமில்லை பாருங்க!"

பெருமையாகத்தான் சொன்னாள். பாராட்டை எதிர்பார்த்து இடுப்பில் கையை வேறு வைத்துக்கொண்டாள்.

தேன்காரம்மா குழாயடிக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வீட்டுத் தேன் கண்ட பூவிலும் மேய்ந்து வந்த பொதுத் தேன் இல்லை. ஒரு கேனில் ஒரு பூ. கடுகு பூக்கும்போது தேனீப் பெட்டிகளை வேனில் ஏற்றிக் கடுகு வயலோரம் இறக்குவார்கள். பூ ஓய்வதற்குள் அடைகளை எடுத்து எந்திரத்தில் சுற்றித் தேனைத் தனிக் கேனில் வடித்துவிட்டு, பெட்டிகளோடு சூரியகாந்திக்குப் போவார்கள். அங்கிருந்து எலுமிச்சைத் தோப்பு, மாட்டுத் தீவனத்துக்குப் போடுகிற குதிரைமசால் வயல், கொத்தமல்லி, கடைசியாகத் தைலமரக் காடு. ஒரு வருஷத்து அலைச்சல் ஆறு கேனில் அடங்கிவிடும். ஆறும் பால்காரர் கேன் மாதிரி, ஒரே உயரம், ஒரே வயிறு.

எதில் எந்தப் பூ என்பதைத் தேன்காரம்மாவின் கணவர் மூடியின்மேல்தான் எழுதுவார். உறைந்த தேனை இளக்கக் கேனைக் கழுத்துவரை வெந்நீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். வயிற்றில் எழுதினால் அழிந்துவிடும், மூடி நனையாது என்பது அவர் கட்சி. "கைப்பிடியில ஒரு அட்டை கட்டித் தொங்க விடுங்க" என்று அவளும் வருஷா வருஷம் சொல்லிப் பார்த்தாள். "மூடியும் கேனும் புருஷன் பெண்டாட்டி மாதிரிடி. எங்கே பிரியப் போகுது?" என்று அவரும் வருஷா வருஷம் சிரித்தார்.

"சரி, கேனெல்லாம் வரிசையாத்தானே இருந்தது?" தேன்காரம்மா கடைசி நம்பிக்கையோடு கேட்டாள். "வடிச்ச வரிசையில சுவரோரமா வெச்சிருந்தோமே, அதை வெச்சுச் சொல்லிடலாம்."

நாத்தனாரின் கை இடுப்பிலிருந்து மெல்ல இறங்கியது.

"அடியில தரையைத் துடைக்கணும்னு... நகர்த்தினேன் அண்ணி."

"உன்னை அப்படியே சோடா உப்புல போட்டு ஊற வைக்கணும்!"

நாத்தனாருக்குப் பக்கத்துத் தெருச் சலவைக் கடையில் வேலை. பதினாலு வருஷமாகப் பிறத்தியார் காலரையும் கைமடிப்பையும் தேய்த்துத் தேய்த்து, கறையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. இன்றைக்கு வார விடுமுறை. அண்ணி படுத்திருக்கிறாளே, உதவியாக இருக்கட்டும் என்று காலையிலேயே தேன் அறைக்குள் புகுந்துவிட்டாள்.

"யாராவது எங்கிட்ட சொன்னீங்களா, மூடியில எழுதியிருக்கறது முக்கியம்னு?" அவள் கண் கலங்கியது. "பெயர் எழுதற இடமா அது? எங்க கடையில ஒரு சட்டைக்கு மூணு இடத்துல குறி போடுவோம். ஒரு சட்டைக்கு!"

அது நியாயமான கேள்வி என்பதுதான் தேன்காரம்மாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என்னங்க! கொஞ்சம் இங்க வர்றீங்களா, இல்லை, நான் இப்படியே போய்ச் சேரட்டுமா?"

வேலிப்பக்கம் பெட்டிக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த கணவர் சுத்தியலோடு வந்தார். ஒல்லியான மனிதர். தொழில் வட்டாரத்தில் அவருக்கு நாக்குக்காரர் என்று பெயர். பல வருஷத்துக்கு முன் வியாபாரிகள் கூடிய இடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு எட்டுத் தேனை எட்டு ஸ்பூனில் வாங்கி, எட்டுக்கும் பூப் பெயர் சொன்னாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

மூடிகளைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"பிரிஞ்சுடுச்சு உங்க புருஷன் பெண்டாட்டி!" என்றாள் தேன்காரம்மா.

"சரி சரி, விடு. சின்ன விஷயம்."

"சின்ன விஷயமா? கரண்டியம்மா மூணு மணிக்கு வர்றாங்க. அவங்க சட்டம் என்னன்னு மறந்து போச்சா?"

யாரும் மறக்கவில்லை. கரண்டியம்மா நகரத்தில் ஒற்றைப் பூத் தேன் மட்டும் விற்கிற கடைக்காரி. கைப்பையில் சொந்தமாக ஒரு மரக்கரண்டி வைத்திருப்பாள், அதனால் அந்தப் பெயர். முதலில் தேன்காரர் எதில் என்ன பூ என்று சொல்ல வேண்டும். பிறகுதான் அவள் கரண்டியைத் தொடுவாள். ஆறில் ஒன்று தப்பினாலும் ஆறையும் தொட மாட்டாள். 'தன் தேன் தனக்கே தெரியாதவர் அதில் என்னத்தைக் கலந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?' என்பாள். அப்புறம் ஆறு கேனும் ஒரே டிரம்மில் கொட்டப்பட்டு, இருமல் மருந்துக் கம்பெனிக்குப் போகும். ஒரு வருஷத்து அலைச்சல், ஆறு பூக்காலம், எல்லாம் கசப்பு மருந்துக்குத் தித்திப்பு.

"நல்ல வேளை, உங்க நாக்கு இருக்கு" என்றாள் தேன்காரம்மா. "சுத்தியலைக் கீழே போட்டுட்டு வந்து ருசி பார்த்துச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை. நான் எழுதி முடிச்சுட்டுப் போய்ப் படுக்கறேன்."

"ம்" என்றார் நாக்குக்காரர். நகரவில்லை.

*

தேன் அறை ஜன்னலோரத்தில் நீள மேஜை. மேஜைமேல் வெள்ளைக் காகிதம் விரித்து, ஆறு கண்ணாடிக் கிண்ணங்களை வைத்தாள் தேன்காரம்மா. ஒவ்வொரு கிண்ணத்துக்குப் பின்னாலும் அதன் கேன். வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு ருசிக்கு நடுவில் மெல்லுவதற்கு வெறும் ரொட்டித் துண்டு, தட்டையான மரக்குச்சிகள். எல்லாம் முறைப்படி.

கண்ணாலேயே இரண்டு தெரிந்துவிட்டது. ஒன்று வெண்ணெய் மாதிரி வெளுத்து, வழவழவென்று இறுகியிருந்தது. அவ்வளவு சீக்கிரம் உறைவது கடுகுதான். இன்னொன்று பளீர் மஞ்சள், ரவை ரவையாகத் திரண்டிருந்தது. சூரியகாந்தி. அந்த இரண்டு கேன்களின் வயிற்றிலும் தேன்காரம்மா அழுத்தமாக எழுதினாள். மூடியிலும் எழுதினாள். கைப்பிடியில் அட்டையும் கட்டினாள். கணவரை ஒரு பார்வையும் பார்த்தாள்.

மிச்சம் நாலு. இரண்டு வெளுத்தவை, தண்ணீரில் லேசாகத் தேயிலை காட்டின நிறம். அவற்றில் ஒன்று எலுமிச்சை, ஒன்று குதிரைமசால். இரண்டு கறுத்தவை, பழைய மரச்சாமான் நிறம். ஒன்று கொத்தமல்லி, ஒன்று தைலம். ஜோடிக்குள்ளே எது எது என்று கண்ணுக்குத் தெரியாது. நாக்குதான் சொல்ல வேண்டும்.

"ஆரம்பிங்க."

"இப்பத்தான் டீ குடிச்சேன். வாய் பூரா அதுதான்."

"டீ குடிச்சு ரெண்டு மணி நேரமாச்சு!"

"வெளிச்சம் சரியில்லை. கொஞ்சம் ஏறட்டும்."

"நாக்கால பார்க்கப் போறீங்களா, கண்ணாலயா? வெளிச்சம் எதுக்கு?"

நாக்குக்காரர் மேஜைக்கு அந்தப் பக்கம் போய், மனைவிக்கு நேர் எதிரே நின்றார். ஒரு குச்சியை வெளுத்த தேனில் தோய்த்து, அவளிடம் நீட்டினார்.

"முதல்ல நீ."

அது அவர்கள் வழக்கம். முன்னாளில் அவர்தான் முதலில் ருசிப்பார். கடந்த ஒன்றிரண்டு வருஷமாகத்தான் 'முதல்ல நீ' என்கிற மரியாதை. அவள் நாக்கில் வைத்துச் சப்புக் கொட்டுவாள். அவர் எதிரே நின்று காத்திருந்து, பிறகு தானும் ஒரு சொட்டு வைத்து, கண்ணை மூடி, நிதானமாகப் பூப் பெயரைச் சொல்வார். பெண்டாட்டிக்குச் சம இடம் கொடுக்கிற ஆம்பளை என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. இன்றைக்கு அந்தப் பெருமையெல்லாம் எங்கோ போய்விட்டது.

"எனக்குத்தான் மூக்கு அடைச்சுக் கிடக்கே! நான் பார்த்து என்ன பிரயோஜனம்?"

"நாக்குக்கு என்ன வந்தது? பாரேன்."

"ஐயோ, எத்தனை தடவை சொல்றது? மூக்கு இல்லாம நாக்குக்கு ஒண்ணும் தெரியலைங்க. மூணு நாளா எது தின்னாலும் வெறும் இனிப்பு, வெறும் உப்பு. காகிதத்தை மெல்லற மாதிரி இருக்கு. நரகம்."

"அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர், குச்சியைப் பார்த்துக்கொண்டு.

"உங்களுக்கென்ன தெரியும் அதைப்பத்தி?"

"சும்மா சொன்னேன். இந்தா, பாரு."

சண்டை போடத் தெம்பில்லாமல் குச்சியை வாங்கி வாயில் வைத்தாள். சர்க்கரைத் தண்ணீர். அவர் கண்கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வெளுத்தது. அதுவும் சர்க்கரைத் தண்ணீர். கறுத்ததை வாயில் வைக்கிற நேரம் பார்த்துத் தும்மல் முட்டிக்கொண்டு வர, மூஞ்சியைச் சுளித்தாள்.

"தைலம்!" என்றார் நாக்குக்காரர் உடனே.

"நீங்க இன்னும் ருசியே பார்க்கலையே!"

"ஆங்... வாசனை வந்தது." அவசரமாக ஒரு குச்சியை எடுத்து நாக்கில் தடவிக் கண்ணை மூடினார். "தைலம்தான்."

"நிச்சயமா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா? கரண்டியம்மாகிட்ட போய் இது கிட்டத்தட்டத் தைலம்னு சொல்வீங்களா? கண்ணைக் கட்டிக்கிட்டு எட்டுச் சொன்ன மனுஷன், கண்ணைத் திறந்துகிட்டு நாலு சொல்ல முடியலையா?"

இதற்குள் அவளுக்கு அந்தத் தும்மல் வந்தே விட்டது. ஒன்றல்ல, நாலு. அவர் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "இல்லை, அது தும்மல்" என்று முணுமுணுத்து, எழுத எடுத்த பென்சிலைக் கீழே வைத்தார்.

"என்ன இல்லை?"

"தைலம் இல்லையோன்னு ஒரு சந்தேகம்."

தேன்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கிழிந்த சமாதானக் கொடி மாதிரி ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். சிந்தின தேனைத் துடைக்கிற சாக்கு. துடைத்த துணியைப் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள்.

"அண்ணி, இது டாக்டர் வீட்டுச் சட்டை மாதிரி..."

"உன் சலவைக் கடைக் கதையை இப்ப ஆரம்பிக்காதே! நீ செஞ்ச உதவியே ஏழு ஜென்மத்துக்குப் போதும். போய்ச் சமையலைப் பாரு."

நாத்தனார் துணியை மேஜைமேல் போட்டாள். "இனிமே இந்த வீட்டுல ஒரு டம்ளரைக்கூட நான் கழுவ மாட்டேன்" என்று அறிவித்துவிட்டுப் போனாள்.

*

பன்னிரண்டு மணிக்கு நாக்குக்காரர் ஒரு அண்டாவில் வெந்நீர் கொண்டுவந்தார். ஆவி புஸுபுஸுவென்று எழுந்தது. கையில் துண்டு.

"குனி. ஆவி பிடி. மூக்கு திறந்துக்கும்."

"இப்ப எதுக்கு?"

"உனக்குச் சளி இல்லையா?"

"மூணு நாளா சளி. மூணு நாளா வராத கரிசனம் இன்னிக்கு எங்கேர்ந்து வந்தது? ருசி பார்க்க வேண்டியது நீங்க. ஆவி பிடிக்க வேண்டியது நானா?"

"உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நல்லதுக்கு நாலு கேன்ல பெயர் எழுதிக் கொடுங்க, போதும்!"

ஆனாலும் குனிந்தாள். துண்டுக்குள்ளிருந்து அவள் குரல் குகையிலிருந்து வருவது போல வந்து கொண்டேயிருந்தது. எடுத்த காரியத்தை முடிக்காத மனுஷன். கல்யாணமான புதிதில் ஜன்னலுக்குக் கொக்கி மாட்டுகிறேன் என்றவர், இன்னும் கயிறு கட்டித்தான் இருக்கிறது. வேனுக்குப் பின்கதவு பூட்டாது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் காய்ச்சலில் படுத்தபோது பத்து நாள் கண்விழித்துப் பார்த்தவள் அவள். அவருக்கு ஒரு வேலை என்றால் அதற்கு முன்னால் பத்துச் சாக்கு. நாக்குக்காரர் சுவரோரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நடுநடுவே, "திறந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

திறக்கவில்லை. முகம்தான் அவித்த கிழங்கு மாதிரி சிவந்தது.

சாப்பாட்டில் நாத்தனார் கோபத்தில் முட்டைக்கு உப்புப் போட மறந்திருந்தாள். தானே ஒரு வாய் தின்றபிறகு கண்டுபிடித்து, உப்புக் கிண்ணத்தை டொக்கென்று நடுவில் வைத்தாள். அண்ணன் பாதிக்குமேல் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"அவர் எதையும் குறை சொல்ல மாட்டார்" என்றாள் தேன்காரம்மா. பிறகு, இன்றைக்கு அவரைப் பாராட்டுவதாக இல்லை என்பது ஞாபகம் வந்து, "வாயைத் திறந்தாத்தானே குறை சொல்ல?" என்று சேர்த்துக்கொண்டாள்.

கை கழுவுகிற நேரம் வாசலில் கார் ஹாரன் அடித்தது. மூன்று மணி என்று சொன்னவள் ஒன்றரைக்கே வந்து நின்றாள்.

*

கரண்டியம்மா குட்டையான, தலை நரைத்த பெண்மணி. செருப்பைக் கழற்றும்போதே வேலையை ஆரம்பித்துவிடுவாள்.

"வழியில ஒரு இடம் முடிஞ்சு போச்சு. ஒரே தேனைக் காட்டி ரெண்டு பூப் பேரு சொல்றார் அந்த ஆளு. எழுந்து வந்துட்டேன். நீங்களாவது என் நேரத்தை வீணடிக்காம இருங்க." கைப்பையைத் திறந்து மரக்கரண்டியை எடுத்து, வெள்ளைத் துணியில் துடைத்தாள். "என்ன, கேன்ல எழுதியிருக்கு? எப்பவும் மூடியிலதானே எழுதுவீங்க?"

"முறையை மாத்திட்டோம்" என்றாள் தேன்காரம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நல்லது. ஆனா ரெண்டுதானே எழுதியிருக்கு?"

"மிச்சத்தை உங்க முன்னாலயே சொல்லலாம்னு..."

"அதுவும் நல்லது! நாக்குக்காரர் சொல்லிக் கேட்டு நாளாச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "சொல்லுங்க. இந்த வெளுத்த ரெண்டுல எது எலுமிச்சை?"

நாக்குக்காரர் குச்சியை எடுத்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். ரொட்டியை மென்றார். அடுத்ததை வைத்தார். கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து மெதுவாகத் திரும்பி, மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

தேன்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கரண்டியம்மா இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் சீறினாள்.

"என் மூஞ்சியில என்ன எழுதியா ஒட்டியிருக்கு? தேனைப் பாருங்க!"

நாக்குக்காரர் தேனைப் பார்த்தார். நெற்றி வேர்த்திருந்தது. அந்த ஒரு கணத்தில் ஒரு வருஷம் முழுக்க வேனில் அலைந்தது, வயலோரம் கித்தானுக்கடியில் தூங்கினது, கொட்டு வாங்கிக் கை வீங்கினது எல்லாம் சேர்ந்து இருமல் மருந்து டிரம்முக்குள் இறங்குவதைத் தேன்காரம்மா கண்ணால் கண்டாள்.

"என்ன, சொல்ல மாட்டேங்கறீங்க?" கரண்டியம்மா கரண்டியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மேஜை ஓரத்தில் நாத்தனார் போட்டுவிட்டுப் போன துணி தேன்காரம்மா கண்ணில் பட்டது. டாக்டர் வீட்டுச் சட்டை. காலையில் அவள் அப்படித்தானே என்னவோ சொன்னாள்? பதினாலு வருஷம் காலரை முகர்ந்து பார்த்து, எந்தச் சட்டை யாருடையது என்று குறியைப் பார்க்காமலே பிரிக்கிறவள்.

"ஒரு நிமிஷம்மா. உட்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கொஞ்சம் வாயேன். அந்தத் தேனை முகர்ந்து பாரு."

"நான் எதையும் தொட மாட்டேன்."

"காலையில சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. எல்லாம் வாபஸ்."

"சோடா உப்புல ஊற வைக்கணும்னு சொன்னீங்களே, அது?"

"அதுவும்தான்."

"ஏழு ஜென்மம்?"

"அட, அதையும் சேர்த்துத்தாண்டி! எழுந்து வந்து தொலை, என் கண்ணில்லே!"

நாத்தனார் மடித்த துணியை அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். மேஜைக்கு வந்து, கிண்ணத்தில் விரலை விட்டு, புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்துச் சூடு பண்ணி, மூக்கில் வைத்தாள். தேனை நக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குத் தேன் பிடிக்காது.

"இந்தக் கறுப்பு, டாக்டர் வீட்டுச் சட்டை. தோள்ல மருந்து எண்ணெய் தேய்ச்சுக்குவாரு, எவ்வளவு அலசினாலும் போகாது."

"தைலம்" என்றாள் தேன்காரம்மா.

"இது ஹோட்டல்காரர் ஏப்ரன். பச்சையா நறுக்கின தழை, கூடவே கொஞ்சம் காரம்."

"கொத்தமல்லி."

வெளுத்ததற்கு வந்தாள். "இது கல்யாண மண்டபத்துக் கைத்துண்டு. விரல் துடைக்கக் கொடுப்பாங்களே, எலுமிச்சைத் தோல் கசக்கின வாசம், அது." கடைசிக் கிண்ணத்தை இரண்டு தரம் முகர்ந்தாள். "இதுல ஒண்ணும் பெருசா இல்லை. வெயில்ல காயப்போட்ட புதுத் துணி. கொஞ்சம் வைக்கோல்."

"எலுமிச்சை. குதிரைமசால்."

ஒவ்வொரு பெயருக்கும் நாக்குக்காரர் கண்ணை மூடி, கம்பீரமாக ஒருமுறை தலையசைத்தார். அதைப் பார்க்கப் பார்க்கத் தேன்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரண்டியம்மா கரண்டியை மறுபடி பிரித்தாள். கறுத்ததில் தொட்டாள். ரொட்டி. அடுத்தது. ரொட்டி. வெளுத்த இரண்டு. கடுகு, சூரியகாந்தி. அவள் வாய் அசைவதை மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். தேன்காரம்மாவுக்கு மூச்சு விட எப்படியும் மூக்கு இல்லை.

"ஆறும் சரி" என்றாள் கரண்டியம்மா. "சுத்தமா இருக்கு. எல்லாத்தையும் எடுத்துக்கறேன்." பிறகு நாக்குக்காரர் பக்கம் திரும்பிக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "பெரிய ஆளுங்க நீங்க! சலவைக்காரப் பொண்ணுக்கே இப்படிப் பழக்கி வெச்சிருக்கீங்க. வாயைத் திறக்காம, தலையை ஆட்டியே நடத்திட்டீங்களே!"

நாத்தனார் வாயைப் பிளந்தாள். தேன்காரம்மா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் கடைக்கு வாங்க. இருபது பேரோட தேன் வருது. எதுல என்ன பூ, எது சுத்தம், எது கலப்பு, பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுச் சொல்ல ஒரு ஆள் வேணும். உங்களை விட்டா யாரு?"

"வர்றேன்" என்றார் நாக்குக்காரர். "ஆனா இவளும் கூட வந்தாத்தான் வருவேன்."

"தாராளமா."

"இவளுக்குச் சளி முழுசா விட்டப்புறம்தான்."

"அதுவும் சரி" என்று சிரித்தாள் கரண்டியம்மா.

*

கேன்கள் காரில் ஏறின. வயிற்றில் பெயர், மூடியில் பெயர், கைப்பிடியில் அட்டை. கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், தேன்காரம்மா திரும்பினாள்.

"இப்பச் சொல்லுங்க. என்ன விளையாட்டு இது? காலையிலேர்ந்து டீ குடிச்சேன், வெளிச்சம் இல்லைன்னு இழுத்தடிச்சீங்க. அவங்க முன்னால ஊமை மாதிரி நின்னீங்க. உங்க தங்கச்சி மட்டும் இல்லைன்னா இன்னிக்கு ஆறு கேனும் போயிருக்கும். கடைசியில பேர் உங்களுக்கு! அதுவும் போகட்டும். அங்க இருபது தேனு பார்க்க உங்களைக் கூப்பிட்டா, நான் எதுக்கு? என் சளி மூக்கை அங்க வந்து சிந்தவா? நாக்குக்காரர் நீங்களா, நானா?"

நாக்குக்காரர் ஜன்னலோரம் போய், காலி மேஜையில் கிடந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினார். நாத்தனார் கழுவ வந்து கையை நீட்டினாள், கொடுத்தார்.

"பதில் சொல்லுங்க! எதுக்குக் காலையிலேர்ந்து என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னீங்க?"

அவர் அன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பதில் சொன்னார்.

"எலுமிச்சைன்னா உனக்கு இடது புருவம் ஏறும், கொத்தமல்லின்னா ரெண்டு தடவை முழுங்குவே, தைலம்னா மூக்கைச் சுளிப்பே, குதிரைமசால்னா ஒண்ணும் பண்ணாம ஜன்னலைப் பார்ப்பே, அந்தக் காய்ச்சலோட என் மூக்கும் நாக்கும் போன ரெண்டு வருஷமா நான் ருசி பார்த்தது அதைத்தாண்டி."